தம் நாற்காலியைக் கொடுத்தவர்

(குடும்பப் பாடம்)



கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் உள்ள மரச்சிற்பப் பட்டறைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த வேலைப்பாட்டுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் அது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை எந்த வழியாக நம் காலம் வரையில் வந்து சேர்ந்தது என்று யோசித்ததுண்டா?

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது சற்று நின்று பாருங்கள். பெரியவர் ஒருவர் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பையன் இருப்பான். வந்த புதிதில் அவன் கையில் சிற்பத்தைக் கொடுக்க மாட்டார்கள். உளி தீட்டுவான், செதுக்கிய மரத்துக்கு உப்புத்தாள் போடுவான், சில்லுகளைக் கூட்டி அள்ளுவான். பிறகு ஓரத்துப் பூவேலையில் கை வைப்பான். முகமும் கண்ணும் அவன் கைக்கு வருவது மெத்தப் பிந்தித்தான். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் ஓங்கித் தட்டினால் பிளக்கும் என்பதையெல்லாம் புத்தகம் படித்து அறிய முடியாது. பெரியவர் அவன் கையைத் தம் கையால் பிடித்து, உளியைச் சற்றே சாய்த்து, "இப்படி" என்று காட்டுவார். அவ்வளவுதான் பாடம். அந்த ஒரு சொல்லில்தான் பல தலைமுறைகளின் தொழில் உயிரோடு இருக்கிறது.

இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே. ஒரு மனிதன் தொழிலிலும் குணத்திலும் முன்னுக்கு வரவேண்டுமானால், அவனுக்குப் படிப்பும் பணமும் மட்டும் போதுமா? அவன் கையைப் பிடித்து "இப்படி" என்று காட்ட ஒருவர் வேண்டாமா?

வழிகாட்டி என்பவர் யார்?

புத்திமதி சொல்பவர்கள் ஊரில் ஏராளம். கல்யாண வீட்டிலும் தேநீர்க் கடையிலும் அதற்குப் பஞ்சமில்லை. அது சொல்பவருக்குச் செலவில்லாதது. வழிகாட்டி என்பவர் தம்முடையதில் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்கிறவர். அது அவருடைய நேரமாக இருக்கலாம். அவருடைய இடமாக இருக்கலாம். பிறர் சொல்லத் தயங்கும் ஓர் உண்மையாகவும் இருக்கலாம். கொடுத்த பிறகு, "போய் வா, என்னிலும் மேலாக வா" என்று அனுப்பி வைக்கவும் அவருக்கு மனம் இருக்க வேண்டும்.

இதை விளக்கத் தமிழர் எல்லோரும் அறிந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் தாத்தா என்று நாம் அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகிய நூல்களை 1887 முதல் 1898 வரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பித்து நமக்குத் தந்தவர் அவர். ஆனால் அவர் தாமாகவே அந்த நிலைக்கு வந்துவிடவில்லை. மூன்று பேர் அவருக்கு மூன்று பொருளைக் கொடுத்தார்கள்.

முதலாமவர் நேரத்தைக் கொடுத்தார்

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் சங்கீதத்தால் ஜீவனம் செய்தவர், குடும்பத்தில் வறுமை. பையனுக்கோ தமிழ் மீது தீராத ஆசை. ஊர் ஊராக அலைந்து பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்ற பிறகு, 1871-இல் தகப்பனாரே அவரை மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தார்.

பிள்ளையவர்கள் உடனே தலையசைத்துவிடவில்லை. பலர் வருகிறார்கள், சில நாள் படிக்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. இந்தப் பையன் நிலைத்திருப்பான் என்று தெரிந்துகொண்ட பின்பே ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபின் குறை வைக்கவில்லை. சம்பளம் வாங்கவில்லை. இத்தனைக்கும் அவருக்கே கடன் தொல்லை உண்டு. மாணாக்கர் சாப்பிட்டார்களா என்று விசாரிக்கும் தாயுள்ளம் அவருக்கு இருந்தது.

பாடம் சொன்னதோடும் அவர் நிற்கவில்லை. அவர் செய்யுள் இயற்றும்போது வாயால் சொல்லிக்கொண்டே போவார்; சாமிநாதையர் ஏட்டில் எழுதுவார். ஒரு பெரும் புலவரின் உள்ளத்தில் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே அவர் கண்டார். நம் பட்டறைப் பையன் பெரியவர் அருகில் உட்கார்ந்து கற்பது போலத்தான் இதுவும்.

மாணாக்கரும் இதற்கு விலை கொடுத்தார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கத் தொடங்கியிருந்தார். இரண்டிலும் மனம் போனால் தமிழ்ப் படிப்புக்குத் தடை வரும் என்று ஆசிரியர் கருதினார் என்று அறிந்து, அதை நிறுத்திவிட்டார். சங்கீதப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. ஒரு வழியைப் பிடித்தால் வேறொரு வழியை விட வேண்டியிருக்கும் என்பதை இளைஞர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

1876 பிப்ரவரி முதல் தேதியில் பிள்ளையவர்கள் மறையும் வரையில், ஏறக்குறைய ஐந்து ஆண்டு இந்தத் தொடர்பு நீடித்தது. நம் பங்குக் குடும்பத்தார் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. சைவ மடத்தின் வித்துவானாகிய அந்த ஆசிரியருக்குக் கடைசிக் காலத்தில் உடனிருந்து பணிவிடை செய்தவர்களில் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கரும் ஒருவர். மாயூரம் முனிசீபாக இருந்த கத்தோலிக்கராகிய வேதநாயகம் பிள்ளையோ அவருடைய உற்ற நண்பர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் அவர்தாம். நல்ல ஆசானின் திண்ணையில் எந்தச் சமயத்தாருக்கும் இடம் உண்டு.

இரண்டாமவர் இடத்தைக் கொடுத்தார்

ஆசிரியர் போனபின் சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்திலேயே இருந்து பிறருக்குப் பாடம் சொல்லி வந்தார். அப்போது கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரே. அவர் ஓய்வு பெறும் காலம் வந்தது.

மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளம் அந்த நாளில் பெரிய தொகை. தம் உறவினருக்கோ, தமக்கு வேண்டியவருக்கோ அந்த உத்தியோகத்தைத் தேடிக்கொடுக்க அவர் முயன்றிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தம் ஆசிரியரிடம் கற்ற இளையவர் ஒருவர் திருவாவடுதுறையில் இருப்பதை எண்ணிப் பார்த்தார். தாமே முன்வந்து கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் அவரைப் பற்றிப் பேசினார். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கோ இவரை அனுப்ப மனமில்லை. செட்டியார் அவரிடமும் போய்ச் சொல்லி இணங்கச் செய்தார். 1880 பிப்ரவரியில், இருபத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில், சாமிநாதையர் அந்த இடத்தில் அமர்ந்தார்.

இங்கே இருவர் விட்டுக்கொடுத்ததைக் காண்கிறோம். செட்டியார் தாம் இருந்த நாற்காலியை விட்டுக்கொடுத்தார். தேசிகரோ தமக்குப் பயன்பட்டு வந்த ஒரு நல்ல வித்துவானை விட்டுக்கொடுத்தார். இரண்டாவது செயல் முதலாவதற்குக் குறைந்ததல்ல. நம் கடையில், நம் வயலில், நம் அலுவலகத்தில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தால், அவன் மேலே போக வேண்டுமென்று உண்மையிலேயே விரும்புகிறோமா? "இவன் போய்விட்டால் நம் வேலையை யார் பார்ப்பது?" என்றுதானே முதலில் தோன்றுகிறது?

மூன்றாமவர் ஒரு கேள்வியைக் கொடுத்தார்

அதே 1880-ஆம் ஆண்டில் நம் பக்கத்து ஊராகிய சேலத்தைச் சேர்ந்த இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முனிசீபாக வந்தார். கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பிரயோஜனம், இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற கருத்தில் பேசினார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர் சொன்னார். அவற்றில் எதையும் சாமிநாதையர் படித்திருக்கவில்லை.

உங்களையும் என்னையும் போன்றவர்களாக இருந்தால், "இவருக்கு மரியாதை தெரியவில்லை" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு மறந்திருப்போம். சாமிநாதையருக்கும் அது உறுத்தியது. ஆனாலும் திரும்பிப் போனார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். படித்தபோது பல இடம் புரியவில்லை. அது ஜைன சமயத்தார் நூல். தமிழ்ப் பண்டிதர் என்ற கௌரவத்தைப் பார்க்காமல் கும்பகோணத்து ஜைனர் வீடுகளைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழாண்டு உழைப்புக்குப்பின் 1887-இல் அந்த நூல் அச்சில் வந்தது. மற்றவை தொடர்ந்தன.

முதலியார் வயதில் சாமிநாதையருக்கு மூன்றாண்டுகூட மூத்தவரல்ல என்பதைக் கவனியுங்கள். வழிகாட்டுவதற்கு நரைத்த தலை வேண்டியதில்லை. நம்மைவிட ஒரு படி முன்னே நின்று, நம்மிடம் உள்ள குறையைப் புகழ்ச்சியால் மூடாமல் காட்டுகிறவர் போதும்.

நன்றி மறவாமை

சாமிநாதையர் தாம் வாங்கியதை மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் தம் பெயரை வைக்கவில்லை. "தியாகராச விலாசம்" என்று பெயரிட்டார். ஆசிரியரின் வரலாற்றை எழுதி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்டபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது கடந்திருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு வழியும் கண்டார். கி. வா. ஜகந்நாதன் போன்ற இளைஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாம் கற்ற முறையிலேயே கற்பித்தார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபின்னும் அந்தச் சங்கிலி அறுந்துபோகவில்லை.

பையனைக் காக்கும் ஒப்பந்தம்

வழிகாட்டுதல் என்ற பெயரில் பிள்ளைகளைச் சுரண்டுவதும் உலகில் உண்டு. "தொழில் கற்றுத்தருகிறேன்" என்று அழைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் ஓட விடுகிறவர்களை நாம் பார்க்கவில்லையா? இதற்கு அர்ச். தொன் போஸ்கோ ஒரு வழி கண்டார்.

அவர் பிறந்தது 1815-இல். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்த அதே ஆண்டு. இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனை இழந்தார். ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளையாகிய அவருக்கு, கலோசோ என்னும் முதிய குருவானவர் லத்தீன் சொல்லிக்கொடுத்துத் தகப்பனைப் போல் இருந்தார். ஓராண்டுக்குள் அந்தக் குருவானவரும் இறந்துபோனார். பிறகு, தம்மைவிட நாலே வயது மூத்தவரான அர்ச். கஃபாசோ அவருக்குத் துணையானார். தூரின் நகரச் சிறைகளுக்கு அவரை அழைத்துப்போனவர் இவரே. அங்கே அடைபட்டிருந்த சிறுவர்களைக் கண்ட தொன் போஸ்கோ, வெளியே இவர்களைக் கவனிக்க ஒருவர் இருந்திருந்தால் உள்ளே வந்திருப்பார்களா என்று எண்ணினார்.

ஆகவே தம் பிள்ளைகளை அவர் வெறுமனே பட்டறைக்கு அனுப்பவில்லை. 1850-களின் தொடக்கத்தில் முதலாளிகளோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தார். தச்சுத் தொழில் பழக வந்த ஒரு பையனுக்காக 1852-இல் எழுதிய அத்தகைய ஒப்பந்தம் பேர்போனது. தொழிலை முழுவதும் கற்றுத்தர வேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கலாகாது, திருத்துவது வாயால்தான், கையால் அல்ல, ஞாயிறும் திருநாளும் ஓய்வு, கூலியும் உண்டு. பையனும் கீழ்ப்படிந்து ஊக்கமாக உழைக்கக் கடமைப்பட்டான். அன்பு இருக்கிறது என்பதற்காக அவர் நியாயத்தை எழுதாமல் விடவில்லை.

நம் ஊரில்

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்திலோ கரியாலூர்ப் பக்கத்திலோ ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு தேறினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். ஆனால் சாதிச் சான்றிதழுக்கு எங்கே மனுப் போடுவது, முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினால் என்ன சலுகை, ஐ.டி.ஐ.யில் எந்தத் தொழிலுக்கு மதிப்பு, கடைசித் தேதி எது என்று அவனுக்கு யார் சொல்வது? கதவு திறந்துதான் இருக்கிறது. கதவு இருக்கும் தெருவை அவனுக்குக் காட்ட ஆளில்லை. அந்தச் சமயத்தில் வெளியூர்க் கூலி வேலைக்கு ஆள் பிடிக்கிறவன் வருகிறான். அவன் மட்டும் தேடி வந்து, வண்டிச் செலவும் கொடுத்து அழைத்துப்போகிறான்! கெட்ட வழிக்கு வழிகாட்டிகள் ஒருநாளும் குறைவதில்லை.

2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தகப்பனை இழந்த பிள்ளைகள் உண்டு. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. அரசாங்கம் உதவித்தொகை அறிவித்தது, அது அவசியமே. ஆனால் பணம் ஒரு பிள்ளையிடம், "இன்று கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாய்?" என்று கேட்காது. தப்பான சகவாசத்தைக் கண்டு, "வேண்டாம் தம்பி" என்று தோளைத் தொடாது. அதற்கு ஒரு மனிதர்தான் வேண்டும்.

ஞானத்தகப்பனும் ஞானத்தாயும்

இது நமக்குப் புதிய யோசனையுமல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானஸ்நானத்தின்போதே ஒரு வழிகாட்டியைத் திருச்சபை நியமித்துவிடுகிறது. ஆனால் நடப்பது என்ன? அன்றைக்குச் சட்டையும் சங்கிலியும் போடுகிறோம், விருந்து சாப்பிடுகிறோம், பிறகு அந்தப் பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை வரும்போதுதான் நாம் அதற்கு ஞானத்தகப்பன் என்ற நினைவே வருகிறது. நடுவில் இருபத்தைந்து ஆண்டு போய்விட்டது! நாம் மெழுகுதிரி ஏந்தி வாக்குக் கொடுத்தது அந்த இருபத்தைந்து ஆண்டுக்காகத்தானே?

என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கு: ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது உங்கள் ஞானப்பிள்ளையாக இருக்கலாம். தெருக்கோடி வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். எதுவும் அவர்கள் அறிய, நாலு பேர் பார்க்க நடக்கட்டும். மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து, அது சொல்வதைக் கேளுங்கள். விண்ணப்பம் எழுதும் நாளில் உடன் போங்கள். நீங்கள் தச்சரானால் தச்சு, தையற்காரரானால் தையல், கணக்கரானால் கணக்கு, உங்களுக்குத் தெரிந்ததைக் கொடுங்கள். அந்தப் பிள்ளை உங்களை மிஞ்சும் நாளில் ஒதுங்கி நின்று சந்தோஷப்படுங்கள்.

பெற்றோருக்கு: நம் பிள்ளை வேறொருவர் பேச்சைக் கேட்கிறது என்று பொறாமை கொள்ளாதீர்கள். சாமிநாதையரின் தகப்பனார் மகனைத் தாமே கைபிடித்து அழைத்துப்போய் ஒப்படைத்தார். ஒப்படைத்தபின் மறந்துவிடவும் இல்லை.

வாலிபருக்கும் கன்னியருக்கும்: வழிகாட்டி வீடு தேடி வருவார் என்று காத்திருக்காதீர்கள். போய்க் கேளுங்கள். கேட்டால் யாரும் குறைந்துபோவதில்லை. உங்களைப் புகழ்பவரைவிட, உங்கள் பட்டியலைக் கேட்டுவிட்டு "இன்னும் என்ன?" என்று கேட்பவரை நாடுங்கள். ஒரு சொல் சுட்டது என்பதற்காக இரண்டாம் தடவை போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் பேசுவதற்கு

1. நான் இந்த நிலைக்கு வர என் கையைப் பிடித்து நடத்தியவர் யார்? அவர் உயிரோடிருந்தால் கடைசியாக எப்போது அவரைப் போய்ப் பார்த்தேன்?

2. நான் எத்தனை பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய்? அவர்கள் இப்போது என்ன படிக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

3. என்னிடம் வேலை கற்கும் பையனுக்கு நான் தொழிலைக் கற்றுத்தருகிறேனா, அல்லது வேலை மட்டும் வாங்குகிறேனா?

4. நான் எழுந்து இடம் கொடுக்கவேண்டிய நாற்காலி எது?

இவ்வாரத் தீர்மானம்: வருகிற ஞாயிறு பூசைக்கு வரும்போது, வீட்டுக்கு ஒரு பிள்ளையின் பெயரை மனதில் கொண்டு வாருங்கள். பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளையின் பெற்றோரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். கோவில் முற்றத்தில் பத்து நிமிஷம் போதும். பட்டறைப் பெரியவர் "இப்படி" என்று சொல்ல அதைவிடக் குறைந்த நேரந்தான் எடுத்துக்கொள்கிறார்.